கொழுந்தின் நொதியமும் வெல்ல வளையமும்

ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா மலைச்சரிவுகளிற் கொய்யப்படும் பசுங்கொழுந்து, தொழிற்சாலையில் வாட்டி உருட்டப்பட்டதும் செந்நிறம் கொள்ளுகின்றது. இம்மாற்றம் 'நொதித்தல்' எனப் பெயர் பெற்றது. கள்ளைப் புளிக்கச் செய்வன போன்ற நுண்ணுயிர்களே இதற்கும் காரணம் எனக் கருதினோரும் இருந்தனர். இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. நுண்ணுயிரே காரணமாயின் அதனைப் பேணி வளர்த்தல் வேண்டும். இலையிலுள்ள நொதியமே காரணமாயின் நுண்ணுயிரை விலக்கி, வெப்பத்தை அடக்குதல் வேண்டும்.

1901ஆம் ஆண்டில் இந்தியத் தேயிலையை ஆய்ந்த ஹரல்ட் மான், இலையின் நொதியத்தையே சுட்டினார். இலங்கையில் 1925ஆம் ஆண்டு தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றி, பின்னர் தலவாக்கலையில் நிலைகொண்டது. லாம், சிறீரங்காச்சார் ஆகியோர் இலங்கைத் தேயிலையின் ஒட்சியேற்ற நொதியம் பற்றிய ஆய்வை 1940இல் வெளியிட்டனர். அந்நொதியம் செப்பைக் கொண்ட ஒரு புரதம் என்பது இன்று தெளிவு. முழு இலையில் அதுவும் கற்றெச்சின்களும் வெவ்வேறு அறைகளில் உறைகின்றன. உருட்டும்போது கலங்கள் சிதைய, இரண்டும் ஒட்சிசன் முன்னிலையிற் கூடுகின்றன. இறுதியிற் சூடேற்றி உலர்த்துதல் நொதியத்தைச் செயலிழக்கச் செய்கின்றது.

ஆயினும் ஒரு நொதியம் தனக்குரிய பொருளை எவ்வாறு தெரிந்து பற்றுகின்றது? 1894இல் எமில் பிஷர் பூட்டும் திறப்பும் என்னும் உவமையால் இதனை விளக்கினார். பெரும் புரதத்தில் இதனைத் தனித்துக் காண்டல் அரிதாகலின், வேதியியலார் சிறு மாதிரிகளை நாடினர். 1891இல் வில்லியே மாப்பொருளிலிருந்து பெற்ற சைக்கிளோடெக்சுத்திரின்கள் அதற்கு வாய்த்தன. இவற்றுட் பெரிதும் அறியப்பட்டவை 6, 7 அல்லது 8 குளுக்கோசு அலகுகள் வளையமாகப் பிணைந்தவை. வளையத்தின் உட்குழி நீரை விரும்பாது. அதனாற் பொருத்தமான மூலக்கூறு அதனுட் புகுந்து தங்கும். 1978இல் ரொனல்ட் பிறெசுலோவும் உடனுழைத்தோரும் 7 அலகு வளையத்தில் இரு இமிடசோல் தொகுதிகளை இணைத்து, ரைபோநியூக்கிளியேசு நொதியத்தின் எளிய மாதிரியை அமைத்தனர். அது பிளந்த பொருள், கற்றெச்சின்களிலும் காணப்படும் கற்றெக்கோல் அமைப்பை உடைய ஒரு பொசுபேற்று ஆகும்.

மாதிரியின் வேகம் இயற்கை நொதியத்தின் வேகத்திற்கு மிகக் குறைவு. எனினும் பற்றும் குழியும் வினைபுரியும் தொகுதிகளும் உரிய இடங்களில் அமைதலே நொதியத்தின் அடிப்படை என்பதை அது மெய்ப்பித்தது. தேயிலையின் வரலாறும் இதனோடு ஒத்த ஓர் உண்மையை உணர்த்துகின்றது. தரத்தின் வித்து தொழிற்சாலையிற் பிறப்பதன்று. அது இளங்கொழுந்தில் உள்ளது. ஆகவே ஈரிலையும் மொட்டும் தெரிந்து கிள்ளும் தோட்டப் பெண்ணின் விரலே இந்த இரசாயனத்தின் முதற்படியாகும். தேயிலை ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதுவோர் அவ்வுழைப்பையும் அதன் ஒரு பகுதியாகவே கொள்ளல் வேண்டும்.