சிண்ட்ரெல்லா சட்டமும் 13 இலக்க எண்ணும்

இணையத்தை அரசாங்கம் கட்டுப்படுத்தலாமா என்ற பேச்சு வந்தால் உடனே ரெண்டு கட்சி பிரிந்துவிடும். "பசங்க ராத்திரி பூரா கேம் ஆடுறாங்க சார், யாராவது நிறுத்தித்தான் ஆகணும்" என்பது ஒரு கட்சி. "அது பெத்தவங்க வேலை, இதுல கவர்மென்டுக்கு என்ன வேலை?" என்பது இன்னொரு கட்சி. ரெண்டிலும் நியாயம் இருக்கிறது. இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு வேறொரு கேள்விதான் முதலில் வரும்: அந்தக் கட்டுப்பாடு உள்ளே எப்படி வேலை செய்யும்? கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது 15 வயசுப் பையனா, 45 வயசு அப்பாவா என்று சர்வருக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கு ஒரு நாடு பத்து வருஷம் நடத்திப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறது. தென் கொரியா. கொஞ்ச நாளாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். குறிப்புகளை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

கேம் எப்படி தேசிய விளையாட்டு ஆனது

1997இல் ஆசிய நிதி நெருக்கடி கொரியாவைப் புரட்டிப் போட்டது. வேலை போனவர்களில் பலர் கையில் இருந்த காசை வைத்து 'பிசி பாங்' திறந்தார்கள். 'பாங்' என்றால் அறை. நம்மூர் ப்ரௌசிங் சென்டரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்கமும் பிராட்பேண்ட் இழுப்பதில் மும்முரமாக இருந்தது. சரியாக அந்த நேரத்தில், 1998இல், ஸ்டார்கிராஃப்ட் வெளிவந்தது. செய்தது அமெரிக்காவின் பிளிஸ்ஸார்ட். கொண்டாடியது கொரியா.

என் வயசுக்காரர்களுக்கு இது புரியும். நாம் ஹாஸ்டல் லேனில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸும் கவுண்டர் ஸ்ட்ரைக்கும் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே கேமுக்கு என்றே டிவி சேனல் இருந்தது. 2004இல் பூசானின் குவாங்கல்லி கடற்கரையில் ஒரு ஸ்டார்கிராஃப்ட் இறுதிப் போட்டி நடந்தது. சுமார் 1 லட்சம் பேர் வந்தார்கள் என்று எழுதினார்கள். நமக்கு கிரிக்கெட் எப்படியோ, அப்படி.

அப்புறம் கெட்ட செய்திகளும் வந்தன. 2005இல் தேகு நகரத்து பிசி பாங்கில் 28 வயது இளைஞர் ஒருவர் ஏறக்குறைய 50 மணி நேரம் ஸ்டார்கிராஃப்ட் ஆடி, சுருண்டு விழுந்து இறந்தார். 2010இல் ஒரு தம்பதி கைதானார்கள். ஆன்லைன் கேமில் ஒரு மெய்நிகர்க் குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்தவர்கள், வீட்டிலிருந்த சொந்தக் குழந்தையைப் பட்டினியில் சாக விட்டார்கள். எந்த ஊராக இருந்தாலும் இப்படி ஒரு செய்தியைக் கேட்டால் மனசு பதறும், "ஏதாவது செய்யுங்கள்" என்ற குரல் எழும். அங்கேயும் எழுந்தது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நாட்டை உலுக்கிய இந்த ரெண்டு சம்பவத்திலும் ஆடியவர்கள் பெரியவர்கள். வந்த சட்டமோ 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு.

ராத்திரி 12 மணி

2011 ஏப்ரலில் கொரிய நாடாளுமன்றம் இளைஞர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேற்றியது. நவம்பர் 20 முதல் அமல். 16 வயது நிரம்பாத யாருக்கும் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஆன்லைன் கேம் தரக்கூடாது. மீறும் கம்பெனிக்காரருக்கு 2 வருஷம் வரை சிறை அல்லது 1 கோடி வோன் வரை அபராதம். அதிகாரபூர்வப் பெயர் 'ஷட்டவுன்' முறை. ஜனங்கள் வைத்த பெயர் சிண்ட்ரெல்லா சட்டம். 12 மணி அடித்தால் ரதம் பூசணிக்காய் ஆகிவிடும் அல்லவா, அதுபோல.

பெற்றோர் அமைப்புகள் ஆதரித்தன. பிள்ளைகள் தூங்க வேண்டும் என்பது அவர்கள் வாதம், மறுக்க முடியாத வாதம். கேம் கம்பெனிகளும் உரிமை அமைப்புகளும் எதிர்த்தன. பிள்ளைகளைத் தூங்க விடாமல் அடிப்பது கேமா, ராத்திரி 10 மணி வரை நீளும் டியூஷனா என்று கேட்டார்கள். இதுவும் மறுக்க முடியாதது. கடைசியில் வழக்கு அரசமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. 2014 ஏப்ரலில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

அந்த 13 இலக்கம்

இப்போது என் கேள்விக்கு வருவோம். சர்வருக்கு வயசு எப்படித் தெரியும்?

கொரியாவில் பதில் கைவசம் தயாராக இருந்தது: குடியிருப்போர் பதிவு எண். அதன் கதை கேமுக்கு ரொம்ப முந்தியது. 1968 ஜனவரியில் வட கொரியாவின் 31 கமாண்டோக்கள் ஜனாதிபதி பார்க் சுங் ஹீயைக் கொல்ல சியோல் வரை வந்துவிட்டார்கள். நாட்டுக்குள் யார் குடிமகன், யார் ஒற்றன் என்று பிரித்தறிய ஆளுக்கு ஒரு எண் வேண்டும் என்ற முடிவு அதையொட்டி வந்தது. முதலில் 12 இலக்கம். 1975 முதல் 13.

எண்ணின் அமைப்பைப் பார்த்தால் ப்ரோகிராமருக்கு சந்தோஷமும் வரும், வயிற்றில் புளியும் கரைக்கும். முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. 7ஆவது இலக்கம் பாலினமும் நூற்றாண்டும்: 1900களில் பிறந்த ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2, 2000த்துக்கு அப்புறம் பிறந்திருந்தால் 3, 4. 2020 அக்டோபருக்கு முன்பு தந்த எண்களில் அடுத்து வருவது பதிவு செய்த வட்டாரம். அந்த எண்களில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. முன்னால் உள்ள 12 இலக்கங்களை 2 முதல் 9 வரை, மறுபடி 2 முதல் 5 வரை வரிசையாகப் பெருக்கி, கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியிலிருந்து அதைக் கண்டுபிடிக்கலாம். காலேஜ் லேப் எக்ஸாமில் கேட்கிற மாதிரியான கணக்கு.

அதாவது வயசு அந்த எண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கேம் கம்பெனி புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. கணக்குத் தொடங்கும்போதே எண்ணைக் கேட்டு வாங்கி டேட்டாபேஸில் வைத்திருந்தார்கள். ராத்திரி 12 மணிக்கு ஒரே ஒரு 'இஃப்' கண்டிஷன் போட்டால் வேலை முடிந்தது. இப்படி ஒரு சட்டம் அந்த நாட்டில் சுலபமாக வர முடிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பசங்களுக்கும் வேலை சுலபமாகத்தான் இருந்தது. அம்மா எண்ணையோ பாட்டி எண்ணையோ தட்டினால் போதும். சர்வர் கண்ணில் ராத்திரி 2 மணிக்கு மேப்பிள் ஸ்டோரி ஆடுவது 70 வயசுப் பாட்டி. 2012இல் 15 வயது ஸ்டார்கிராஃப்ட் 2 வீரர் ஒருவருக்கு, ஐரோப்பியப் போட்டி ஒன்றின் தகுதிச் சுற்றில் ஷட்டவுன் வந்து குறுக்கே நின்றது. அந்தச் செய்தி உலகம் பூரா கேமர்கள் மத்தியில் ஓடியது.

பூட்டுக்கு ஆன செலவு

பாட்டி கதையைக் கேட்டுச் சிரிக்கலாம். சிரிக்க முடியாத பகுதி இனிமேல்தான்.

அதே 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்டு என்ற ரெண்டு தளங்கள் ஹேக் ஆயின. 3.5 கோடிப் பேரின் விவரங்கள் போயின. கொரியாவின் ஜனத்தொகையே அப்போது சுமார் 5 கோடி. நவம்பரில் நெக்ஸான் கம்பெனியின் மேப்பிள் ஸ்டோரி சர்வரில் திருட்டு: 1.32 கோடிக் கணக்குகள். பெயர், ஐடியோடு என்க்ரிப்ட் செய்த பதிவு எண்ணும் பாஸ்வேர்டும் அதில் அடக்கம். மாதத்தைப் பாருங்கள். பிள்ளைகளைக் காக்கும் ஷட்டவுன் அமலுக்கு வந்த அதே நவம்பரில், பிள்ளைகள் அதிகம் ஆடும் கேமிலிருந்தே விவரங்கள் போயின.

இந்தத் திருட்டுகளுக்கு ஷட்டவுன் காரணம் என்று சொல்ல வரவில்லை. எண் வாங்கும் பழக்கம் அதற்கு முன்பே இருந்தது. 2007 முதல் பெரிய தளங்களில் கருத்து எழுதவே அடையாளத்தை நிரூபிக்க வேண்டும் என்று இன்னொரு சட்டம் இருந்தது. 2009இல் யூடியூப் அதற்கு உட்பட மறுத்து, கொரியத் தளத்தில் வீடியோ ஏற்றுவதையும் கருத்து எழுதுவதையும் நிறுத்தியே விட்டது. ஒவ்வொரு சட்டமும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னதுதான். எல்லாம் சேர்ந்து ஊரிலுள்ள ஒவ்வொரு தளத்தையும் ஒரு குட்டி ஜனத்தொகைப் பதிவேடாக ஆக்கிவிட்டன. பாஸ்வேர்ட் போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை எப்படி மாற்றுவது?

2012 ஆகஸ்டில் ரெண்டு திருப்பங்கள். இணையதளங்கள் பதிவு எண்ணை வாங்குவதற்கே தடை வந்தது. உண்மைப் பெயர்ச் சட்டத்தை அரசமைப்பு நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது. ஆனால் ஷட்டவுன் நீடித்தது. வயசு தெரிந்தாக வேண்டுமே? எண் போன இடத்தில் மொபைல் வழியாகச் சரிபார்ப்பு வந்து உட்கார்ந்தது. ஐ-பின் என்ற மாற்று எண்ணும் ஏற்கெனவே இருந்தது. 2015இல் அரசே நடத்திய ஐ-பின்னில் புகுந்து யாரோ சுமார் 7.5 லட்சம் போலி எண்களை எடுத்துக்கொண்டார்கள்.

மைன்கிராஃப்ட் உடைத்த பூட்டு

சட்டம் கம்ப்யூட்டர் கேமை நினைத்து எழுதப்பட்டது. மொபைல் கேமுக்கு விலக்கு. ஸ்மார்ட்ஃபோன் வந்து பிள்ளைகள் எல்லாம் அதற்கு மாறிய பிறகு, சட்டம் காலி வீட்டுக்குக் காவல் நின்றது.

கடைசி அடி வந்தது மைன்கிராஃப்டிலிருந்து. கட்டை அடுக்கி வீடு கட்டும் கேம், என் பெண்ணும் ஆடுகிறாள். 2021இல் அந்தக் கணக்குகளை எல்லாம் மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு மாற்றினார்கள். மைக்ரோசாஃப்டோ, ஷட்டவுனுக்காகக் கொரியாவுக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்வதைவிட 19 வயதுக்குக் கீழே கணக்கே கிடையாது என்று முன்பே முடிவு செய்திருந்தது. எனக்கு இது நன்றாகப் புரிகிறது. ஒரு சின்ன மார்க்கெட்டுக்காக ராத்திரி 12 மணி லாஜிக்கை எழுதி, டெஸ்ட் செய்து, பராமரிப்பதற்குப் பதில் ஒரே வரியில் கதவைச் சாத்துவது எந்த டீமுக்கும் மலிவு. விளைவு: சிறுவர்கள் ஆடும் மைன்கிராஃப்ட், கொரியாவில் வயது வந்தவர்களுக்கான கேம் ஆனது!

ஊரே சிரித்தது. ஆகஸ்டில் சட்டத்தைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. 2022 ஜனவரி 1இல் ஷட்டவுன் போனது. பெற்றோரோ பிள்ளையோ கேட்டால் அவர்கள் சொல்லும் நேரத்துக்கு மட்டும் கேமை நிறுத்தும் ஏற்பாடு மிஞ்சியது. அது 2012இலிருந்தே பக்கத்தில் இருந்த ஒன்றுதான்.

எதிர்த் திசையில் போன நாடும் உண்டு. சீனா 2021 செப்டம்பர் முதல் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் என்று சுருக்கியது. அதற்குச் சில மாதம் முன்பே டென்சென்ட், ராத்திரி ஆடுவது பெரியவர்தானா என்று முகத்தை ஸ்கேன் செய்து பார்க்கத் தொடங்கியிருந்தது. பாட்டி எண் என்ற ஓட்டையை அடைக்க அடுத்த படி பாட்டியின் முகம்.

நம் பக்கம்

இதெல்லாம் எங்கேயோ நடந்த கதை என்று இருக்க முடியவில்லை. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட முடியாது. கொரியாவில் 6, இங்கே 5. அங்கே 13 இலக்கம், இங்கே 12. ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இந்த விதிகள் செல்லும் என்றது. ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தையே தடை செய்யும் சட்டம் கொண்டுவந்தது.

வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். ஆன்லைன் ரம்மியில் பணம் விட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் குடும்பங்கள் நம் ஊரில் இருக்கின்றன. அது தூக்கம் கெடுகிற பிரச்சினை மாதிரி இல்லை, குடும்பமே கெடுகிற பிரச்சினை. பணம் புழங்கும் இடத்தில் ஆள் யார் என்று கேட்பது பேங்க்கிலும் உண்டு. அதை நான் எதிர்க்கவில்லை.

என் கவலை அடுத்த கட்டம் பற்றியது. 2023ஆம் வருடத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாள, சரிபார்க்கக்கூடிய பெற்றோர் ஒப்புதல் வேண்டும். நல்ல நோக்கம். ஆனால் 17 வயசுக்காரரைப் பிரித்துக் காட்ட, 60 வயசுக்காரரும் தன் வயசைக் காட்டியாக வேண்டும். பிள்ளைகளுக்கான கேட் என்று ஒன்று தனியாகக் கிடையாது. எல்லோரும் அதே கேட் வழியாகத்தான் போக வேண்டும்.

ஆகவே இப்படி ஒரு விதி வரும்போது, "ஆதரவா, எதிர்ப்பா" என்று சொல்வதற்கு முன்னால் மூன்று விஷயம் கேட்பேன். வயசைக் கேட்கிறார்களா, அடையாளத்தையே கேட்கிறார்களா? "18 தாண்டியவர், ஆம்" என்ற ஒற்றைப் பதிலை மட்டும் அனுப்புவது தொழில்நுட்பத்தில் இன்று முடியாத காரியம் இல்லை. ரெண்டாவது, பார்த்த பிறகு அழிக்கிறார்களா, சேர்த்து வைக்கிறார்களா? மூன்றாவது, விதி உதவவில்லை என்று தெரிந்தால் தானாகக் காலாவதியாகும் தேதி ஒன்று அதில் இருக்கிறதா?

கொரியச் சட்டம் முதல் ரெண்டிலும் தோற்றது. மூன்றாவதற்குப் பத்து வருஷமும் ஒரு மைன்கிராஃப்டும் தேவைப்பட்டன. சட்டம் போய்விட்டது. 2011இல் திருடுபோன எண்கள் மட்டும் இன்னும் எங்கேயோ இருக்கின்றன. அன்று கேம் ஆடிய பிள்ளைகளுக்கு இப்போது இருபத்தைந்து, முப்பது வயசு இருக்கும். அவர்கள் எண்ணில் உள்ள பிறந்த தேதி மாறப்போவதில்லை.