சேற்று நண்டு: உணவக வரலாறு

சேற்று நண்டு, உப்பங்கழிகளிலும் களப்புகளிலும் அலையாத்திக் காடுகளிலும் வாழும் பெரிய நண்டு. கழி நண்டு, பச்சை நண்டு, கல் நண்டு என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். தமிழகத்தில் பழவேற்காடு ஏரியும் பிச்சாவரமும், இலங்கையில் யாழ்ப்பாணக் களப்பும் புத்தளம் களப்பும் இதற்குப் பேர்போனவை. கரையோர வீடுகளில் அன்றாடக் குழம்பாக இருந்த இது, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உணவகங்களின் விலையுயர்ந்த பண்டமாயிற்று.

இனமும் பெயரும்

சில்லா என்னும் பேரினத்தில் ஒரே இனம்தான் உண்டு என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1998-இல் வெளிவந்த ஆய்வு நான்கு இனங்களைப் பிரித்துக் காட்டியது. அவற்றுள் ஒன்றுக்குத் தரங்கம்பாடியின் பெயரே இனப்பெயராக உள்ளது. 1798-இல் விலங்கியலாளர் ஃபப்ரீசியஸ் இட்ட பெயர் அது. இந்திய நூல்கள் பெரிய பச்சை நண்டைத் தரங்கம்பாடிப் பெயராலேயே குறித்துவந்தன. அது செர்ராட்டா என்னும் இனம் என்றும், சிவந்த கொடுக்குடைய சிறியது ஒலிவேசியா என்றும் பின்வந்த மரபணு ஆய்வுகள் கூறுகின்றன. பழைய பெயர்கள் இன்னும் முற்றாக மறையவில்லை. ஆகவே பழைய நூல்களின் இனப்பெயரை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது.

பழைய குறிப்புகள்

சங்கப் பாடல்களில் நண்டு அடிக்கடி வருகிறது. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் பத்துப் பாடல்கள் நண்டை வைத்தே அமைந்தவை. சமைத்த நண்டு பற்றிய குறிப்பு சிறுபாணாற்றுப்படையில் உள்ளது: ஓய்மா நாட்டு உழவர் வீட்டில் குற்றிய அரிசிச் சோற்றுடன் நண்டுக் கலவை பாணருக்குக் கிடைக்கும் என்கிறது. கலவையில் சேர்ந்தது என்ன என்று பாட்டு சொல்லவில்லை. உரை எழுதிய நச்சினார்க்கினியர் நண்டோடு பீர்க்கங்காயைச் சேர்க்கிறார். அது பாட்டின் காலத்துச் சமையலா, உரைகாரர் காலத்துச் சமையலா என்பது தெளிவில்லை. இடம் மருதம் என்பதால் இது வயல் நண்டாகவே இருக்கலாம்.

 

வீட்டுச் சமையல்

தமிழகக் கரையோரத்தில் நண்டு பெரும்பாலும் மிளகு தூக்கலான குழம்பாகவோ ரசமாகவோ சமைக்கப்படுகிறது. ரசத்துக்குச் சிறு கால்களை அம்மியிலோ உரலிலோ நசுக்கி, நீர் விட்டுப் பிழிந்து, ஓட்டுச் சில்லு போக வடிகட்டுவர். சதைப் பற்றுள்ள கொடுக்குகள் குழம்புக்குப் போகும். உலக்கையால் ஒரு தட்டுத் தட்டி ஓட்டைக் கீறிவிட்டால்தான் மசாலா உள்ளே இறங்கும். யாழ்ப்பாணத்தில் நண்டுக்கறியை இறக்கும் முன் முருங்கை இலை சேர்ப்பது வழக்கம். ஒடியல் (உலர்ந்த பனங்கிழங்கு) மாவில் காய்ச்சும் கூழிலும் நண்டு சேரும். அதைப் பனையோலைப் பிளாவில் குடிப்பதே சுவை என்பர்.

சிங்கப்பூர், 1950-கள் முதல்

நண்டின் உணவக வரலாற்றில் விரிவாகப் பதிவானது சிங்கப்பூர்க் காலமே. லிம் சூ நீ என்பவர் வீட்டுக்குக் கொண்டுவரும் நண்டை அவர் மனைவி செர் யாம் தியான் ஆவியில் வேகவைத்துத் தருவார். கணவர் வேறு விதமாகக் கேட்கவே தக்காளிச் சாற்றில் புரட்டினார். பின்னர் மிளகாய்ச் சாறும் சேர்ந்தது. 1950-களில் தள்ளுவண்டியில் தொடங்கிய விற்பனை, பின்னர் அப்பர் ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் பாம் பீச் என்னும் உணவகமாயிற்று. தொடக்கத்தில் இந்த மிளகாய் நண்டுக்குப் பயன்பட்டவை புட்டியில் விற்ற தக்காளிச் சாறும் மிளகாய்ச் சாறும்தான், முட்டை கிடையாது.

1963-இல் டிராகன் பீனிக்ஸ் உணவகத்தின் சமையல் வல்லுநர் ஹூய் கோக் வா, சம்பல், தக்காளி விழுது, புளிப்பு ஆகியவற்றோடு முட்டையையும் கலந்து குழம்பைக் கெட்டியாக்கினார். இன்று பெரும்பாலான கடைகளில் கிடைப்பது இந்த வகையே. எனவே மிளகாய் நண்டைக் கண்டவர் யார் என்ற கேள்விக்கு, எந்தச் செய்முறையை மூலமாகக் கொள்வது என்பதைப் பொறுத்தே விடை அமையும். கருமிளகு நண்டை 1959-இல் தாங்களே அறிமுகப்படுத்தியதாக லாங் பீச் உணவகம் கூறிவருகிறது. 2009-இல் மலேசியச் சுற்றுலா அமைச்சர் இங் யென் யென் மிளகாய் நண்டு மலேசியாவுக்குரியது என்ற பொருள்படப் பேசியதும் சர்ச்சையாயிற்று.

தேவை பெருகியபோது சிங்கப்பூருக்கு இலங்கையிலிருந்து நண்டு வந்தது. உணவுப் பட்டியல்களில் 'இலங்கை நண்டு' என்பது தரத்துக்கான அடையாளமாயிற்று.

உயிருடன் கொண்டுசெல்லுதல்

செத்த நண்டின் சதை விரைவில் கெட்டுவிடும் என்பதால் இவ்வணிகம் உயிர் நண்டையே நம்பியுள்ளது. செவுள் ஈரமாக இருக்கும்வரை சேற்று நண்டு நீருக்கு வெளியே சில நாள் தாங்கும். பிடித்தவுடன் இரு கொடுக்குகளையும் உடலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கு விரித்த கூடையில் அடுக்குவர். வியாபாரி ஓட்டின் அடிப்புறத்தையும் கால் மூட்டையும் விரலால் அழுத்திப் பார்ப்பார். அமுங்கினால் அது அண்மையில் தோலுரித்த, சதை குறைந்த தண்ணி நண்டு. அதைக் குளத்திலோ கூண்டிலோ விட்டு, கழிவு மீனைத் தீனியாகப் போட்டுச் சில வாரங்களில் தேற்றும் தொழில் தமிழகக் கரையில் வேரூன்றியது.

பழவேற்காடு, எளாவூர்ப் பகுதி

பழவேற்காடு, சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. எளாவூர், சென்னை–கூடூர் ரயில் பாதையிலும் கொல்கத்தா நெடுஞ்சாலையிலும் அமைந்த ஊர். அதற்குக் கிழக்கே சுண்ணாம்புக்குளம் முதலிய ஏரிக்கரை ஊர்கள் உள்ளன. ஏரியின் ஒரு பகுதியில் பட்டினவர் என்னும் மீனவர் சமூகத்தார் 'பாடு' என்னும் முறைப்படி தொழில் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் கையாலேயே இறாலைத் தடவிப் பிடித்துப் பனையோலைப் பறியில் சேர்க்கின்றனர்.

தாய் நண்டு முட்டையிடக் கடலுக்குச் செல்லும். குஞ்சு முகத்துவாரம் வழியே ஏரிக்குத் திரும்பும். மணல் மூடி முகத்துவாரம் அடைபட்டால் நண்டு வரத்தும் குறையும். பெரிய நண்டு ஏற்றுமதிக்குப் போய்விட, கால் ஒடிந்ததும் சிறியதும் உள்ளூருக்குத் தங்குவது வழக்கம். 2020 தொடக்கத்தில் கொரோனாவால் சீனச் சந்தை அடைபட்டபோது உயிர் நண்டு வணிகம் முடங்கியது.

சென்னையும் கொழும்பும்

சென்னையில் பொன்னுசாமி (1954), அஞ்சப்பர் (1964) போன்ற அசைவ உணவகங்கள் பெருகிய பின் நண்டு மசாலாவும் நண்டு ரசமும் வெளியே கிடைக்கும் உணவாயின. நண்டு ஆம்லெட் ஓடு உடைக்கும் வேலையை வாடிக்கையாளரிடமிருந்து சமையலறைக்கு மாற்றியது.

கொழும்பில் 2011-இல், டச்சுக்காரர் காலத்து மருத்துவமனைக் கட்டடத்தில் மினிஸ்ட்ரி ஆஃப் கிராப் தொடங்கியது. தர்ஷன் முனிதாசவும் கிரிக்கெட் வீரர்கள் மகேல ஜயவர்தன, குமார் சங்கக்காரவும் இதன் நிறுவனர்கள். நாட்டின் சிறந்த நண்டெல்லாம் ஏற்றுமதியாவதை மாற்றுவதே நோக்கம் என்று அறிவிக்கப்பட்டது. நண்டை எடை வாரியாக அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல்வரை பிரித்து விற்பதும், உறைபெட்டியைத் தவிர்ப்பதும் இதன் தனித்தன்மைகள். பின்னர் மும்பை உள்ளிட்ட நகரங்களில் கிளைகள் திறக்கப்பட்டன.

அண்மைக் காலம்

சீர்காழிக்கு அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் சேற்று நண்டுக் குஞ்சுப் பொரிப்பகம் நடத்துகிறது. குஞ்சுகள் ஒன்றையொன்று தின்பது வளர்ப்பில் முதன்மையான இடையூறு. மென்தோல் நண்டும் நட்சத்திர விடுதிகளின் பட்டியலில் இடம்பெற்று வருகிறது.