மேகம் என்றும் ஒரு பதிவு

மும்பையிலிருந்து புணே, சோலாப்பூர் வழியாகச் சென்னை செல்லும் இருப்புப்பாதையில் ஜேவூர் என்றொரு சிறு நிலையம் உண்டு. தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர் பலர் ஊர் செல்கையில் கவனியாது கடக்கும் இடம். 1898 ஜனவரி 22 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைப் படம்பிடிக்க, கலிபோர்னியாவின் லிக் வானாய்வகக் குழுவும் புணேப் பேராசிரியர் காவஸ்ஜி தாதாபாய் நேகம்வாலாவின் குழுவும் அங்குதான் முகாமிட்டன.

கிரகணப் பாதையில் இன்னும் வடகிழக்கே, பேராரின் தால்னியில் பிரிட்டிஷ் வானியல் சங்கத்தார் இருந்தனர். அது பெரிதும் ஆர்வலர்களின் சங்கம். பிழைப்புக்கு வேறு தொழில் பார்த்துக்கொண்டே சூரியனை ஆராய்ந்துவந்த ஜான் எவர்ஷெட் அங்கே நிறமாலையைப் படமெடுத்தார். கிரீனிச் வானாய்வகத்தில் பணியாற்றி, 1895இல் திருமணமானதும் விதிப்படி வேலையை விட நேர்ந்த ஆனி மாண்டர், சிறு வில்லை கொண்ட கேமராவால் சூரிய ஒளிவட்டத்தின் மிக நீண்ட கதிரொன்றைப் பதிவு செய்தார். முழுமறைப்பு ஏறத்தாழ இரண்டு நிமிடம். ஒரு மேகம் குறுக்கிட்டிருந்தால் மாதக்கணக்கான உழைப்பும் வீண். ஜனவரியின் வறண்ட வானம் காத்தது. 2009 ஜூலை 22 கிரகணமோ பருவமழையில் வந்தது; பீகாரின் தாரேக்னாவில் திரண்டவர்கள் மேகத்தைத்தான் கண்டனர்.

அன்றாட நோக்கலுக்கு இப்படிப் பருவம் அமைவதில்லை. 1907இல் கோடைக்கானல் வந்த எவர்ஷெட், 1909இல் சூரியப்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். 1912இல் நேகம்வாலா ஓய்வுபெற்றதும் புணே வானாய்வகம் மூடப்பட்டு, அதன் கருவிகள் கோடைக்கானலுக்குச் சென்றன. அங்கே 1904 முதல், மேகம் விடும் நாள்களிலெல்லாம் சூரியன் படமெடுக்கப்பட்டு வருகிறது.

மேகம் விடாத நாள்களை என்ன செய்வது? இதுவே வரலாற்றுச் சிக்கல். ஓலைச்சுவடியில் எழுதாமல் விட்ட இடம் வேறு, செல்லரித்த இடம் வேறு. பதிப்பாசிரியர் இரண்டையும் ஒன்றாகக் கொள்வதில்லை. புள்ளியற்ற சூரியனும் பார்க்கப்படாத சூரியனும் அவ்வாறே வேறானவை. ஆனியின் கணவர் வால்ட்டர் மாண்டரின் பெயரால் வழங்கும் 1645–1715 காலத்தில் புள்ளிகள் உண்மையிலேயே அருகினவா, நோக்கர்கள்தாம் அருகினரா என்ற வினா நெடுங்காலம் நீடித்தது. அன்றைய நோக்கர்கள் பார்த்த நாள், பாராத நாள் இரண்டையும் குறித்துவைத்த இடங்களில்தான் உறுதியான விடை கிடைக்கிறது.

இந்நகரின் மாடிகளில் தொலைநோக்கியின் முகப்பில் தரமான சூரிய வடிகட்டி பொருத்திப் படமெடுக்கும் ஆர்வலர் பலர், ஜூன் முதல் செப்டம்பர் வரை குறிப்பேட்டை மூடிவிடுகின்றனர். நல்ல படங்கள் மட்டுமே எஞ்சும் தொகுப்பு ஆவணம் ஆகாது. தேதி, நேரம், 'மேகம், சூரியன் தெரியவில்லை' என்ற ஒரு வரி போதும். அவ்வரி இருந்தால்தான் அடுத்த வரியின் 'புள்ளிகள் இல்லை' என்பதை நாளைய ஆய்வாளர் நம்ப முடியும்.