சிவப்புச் சில்லின் மறுபிறவி

சீவக சிந்தாமணியில் மயிற்பொறி வரும் இடத்தை நடத்தும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். பகைவன் அரண்மனையைச் சூழ்ந்துவிட்டான். சச்சந்தன் கருவுற்ற விசயையைப் பொறியில் ஏற்றி அனுப்புகிறான். அது அவளைச் சுடுகாட்டில் இறக்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். அதன்பின் காப்பியம் பிள்ளையின் வழியே செல்கிறது, பொறியின் வழியே அன்று.

ஓசூர்ப் பிள்ளைகளுக்கு எந்திரம் கற்பனைப் பொருளல்ல. 1970களில் சிப்காட் உருவானது. அடுத்த பத்தாண்டில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் இங்கிருந்து புறப்பட்டன. அண்மையில் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை எழுந்திருக்கிறது. சென்ற ஆண்டு மயிற்பொறி வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, எந்திரன்ல சிட்டியைக் கழற்றிட்டாங்களே, ரெண்டாவது படத்துல எதுக்கு மறுபடியும் பூட்டினாங்க?" அவள் தந்தை ஓர் ஆலையில் வெல்டிங் ரோபோக்களுக்கு அருகில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி. சிரித்துக் கடக்கக்கூடிய கேள்வியாக அது எனக்குப் படவில்லை.

'எந்திரன்' 2010 அக்டோபர் 1 அன்று வெளிவந்தது. கமல்ஹாசனை வைத்துத் தொடங்க எண்ணிக் கைவிடப்பட்டு, பல ஆண்டுகள் கழித்து ரஜினிகாந்திடம் வந்த கதை. வசனத்தில் பங்குகொண்ட சுஜாதா 2008 பிப்ரவரியிலேயே மறைந்துவிட்டார். எல்லைக்கு அப்பால் பெங்களூரில், பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். ஜீனோ என்ற எந்திர நாயைத் தமிழ் வாசகர்களின் வீட்டுப் பிராணியாக்கியவர். அப்படத்தின் சிறந்த பகுதிகளில் அவருடைய குறும்பும் கூர்மையும் இருப்பதாக எனக்குத் தோன்றும். தீ விபத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கி வருகிறது. உயிரைக் காப்பாற்றத் தெரிந்த எந்திரத்துக்கு மானம் தெரியவில்லை. அவள் ஓடிப்போய் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். பிறகு அதற்கு உணர்ச்சி ஊட்டப்படுகிறது. உணர்ந்ததும் காதலிக்கிறது. காதலித்த குற்றத்துக்கு, படைத்தவனே அதை வெட்டிக் குப்பையில் எறிகிறான். அங்கிருந்து பொறுக்கியெடுத்த போரா சிவப்புச் சில்லைப் பொருத்துகிறான். கடைசியில் சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கும் காட்சியைப் பெரும் வணிகப் படத்தில் காண்பது அபூர்வம்.

'2.0' 2018 நவம்பர் 29 அன்று வந்தது. இம்முறை வசனம் ஜெயமோகன். பறவைகளுக்காக அலைந்து தோற்று, கைப்பேசிக் கோபுரத்தில் தூக்கிட்டுக்கொள்ளும் பட்சிராஜனின் பின்கதை உண்மையான துயரம் கொண்டது. சலீம் அலியின் சாயல் அம்முகத்துக்குக் கண்ணியம் தருகிறது. படம் வெளிவருமுன் கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் அளித்தது. கோபுரக் கதிர்வீச்சே குருவிகளை அழித்தது என்பதற்கு இன்றுவரை உறுதியான சான்றில்லை என்பதும் மெய்தான். கூடு கட்ட இடமும் குஞ்சுக்குப் பூச்சியும் குறைந்ததைத்தான் ஆய்வாளர்கள் அதிகம் பேசுகிறார்கள். ஆனால் புனைவை இதற்காக மட்டும் தள்ளிவிட மாட்டேன்.

நான் தடுக்கி விழுவது வேறிடத்தில். முதல் படத்தில் பேரழிவின் வித்தாக இருந்த அதே சிவப்புச் சில்லை, நிலா என்ற எந்திரப் பெண் சிட்டிக்கு மீண்டும் பொருத்துகிறாள். அரங்கு ஆர்ப்பரிக்கிறது. போதாததற்கு, 3.0 குட்டி ரோபோக்கள் புறாக்களின் முதுகில் ஏறிவந்து, அவற்றையே பணயமாக்கிப் பட்சிராஜனை மிரட்டுகின்றன. பறவைகளுக்காக அழுத படம் பறவையைக் கேடயமாகப் பிடிக்கிறது! தன் செயலுக்காக வருந்தி உடலைக் கலைத்துக்கொண்ட ஓர் உயிர், இங்கே பழுதுபார்த்துத் திரும்ப ஓட்டப்படும் கருவி. எழுப்பப்பட்டதைப் பற்றிச் சிட்டி என்ன நினைக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. முப்பரிமாணக் காட்சிகளை நானும் வாய்பிளந்து பார்த்தேன். தொடர்ச்சி என்ற அளவில் படம் தோற்றதாகவே கொள்கிறேன்.

மாணவியிடம் இதைச் சுருக்கமாகச் சொன்னேன். "அப்பா வேலைல கூண்டுக் கதவைத் திறந்தா ரோபோ தானா நின்னுடும் ஐயா," என்றாள். "மறுபடி ஓட வைக்கறதுக்கு முன்னாடி, உள்ளே யாராவது இருக்காங்களான்னு பார்க்கணுமாம்."