பின்சக்கர டிரம் பிரேக் கழற்றல்

டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்அப் வண்டிகள் பலவற்றில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்கும் உண்டு. பின்பக்க லைனரைப் பார்க்கவோ ஷூவை மாற்றவோ டிரம்மைக் கழற்றியாக வேண்டும்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வீல் நட்டுகளைத் தளர்த்தி, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்வது உயிரோடு விளையாடுவது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷூக்கள் டிரம்மை உள்ளிருந்து இறுகப் பிடித்துக்கொள்ளும்.

அப்படியும் டிரம் அசையாவிட்டால் பெரும்பாலும் ஹப்பில் ஏறிய துருதான் காரணம். இதற்கென்றே டொயோட்டா டிரம்மின் முகப்பில் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மி.மீ. போல்ட்டுகளை மாற்றி மாற்றி அரைச்சுற்றாக முடுக்கினால் டிரம் நேராக வெளியே நகரும். ஒன்றை மட்டும் இறுக்கினால் சாய்ந்து இன்னும் சிக்கும். தேய்ந்த டிரம்மின் உள்விளிம்பில் நிற்கும் வரம்பு ஷூவில் மாட்டுவதும் உண்டு. அப்போது பின்தகட்டின் ரப்பர் மூடியை எடுத்து, அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைத் திருப்பி ஷூக்களைச் சுருக்க வேண்டும். வார்ப்பிரும்பு விளிம்பில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் விரிசல் விடும்.

உள்ளே படிந்த தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு. டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும். ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் விதம் குழப்பும் என்பதால், ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரிப்பது நல்லது.