திருவண்ணாமலைப் போர் (1767)

முதல் ஆங்கிலேய–மைசூர்ப் போரில் (1767–69), மைசூரை ஆண்ட ஐதர் அலி, ஐதராபாத் நிசாம் ஆகியோரின் கூட்டுப்படைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் திருவண்ணாமலை அருகே 1767 செப்டம்பரில் நடந்த போர்.

செப்டம்பர் 3-இல் செங்கத்தில் வென்றும், உணவு தீர்ந்ததால் கம்பெனிப் படைத்தலைவர் கர்னல் ஜோசப் ஸ்மித் திருவண்ணாமலைக்கு நகர்ந்தார். கர்னல் வுட்டின் படை அவருடன் சேர்ந்தது. களத்தில் கம்பெனியே வென்றது. ஆயினும் ஐதரின் உண்மையான வலிமை விரைவுக் குதிரைப்படையே: நேர்மோதலைத் தவிர்த்து, தானிய வரத்தை அறுத்து, ஊர்களைச் சூறையாடி, எதிரி நெருங்குமுன் விலகும் முறை அது. இதில் பெருந்துன்பம் உற்றோர் எப்பக்கமும் சேராத குடியானவர்கள். அந்நாள்களில் ஐதரின் இளவயது மகன் திப்புவின் குதிரைவீரர்கள் சென்னைப் புறநகர்வரை பாய்ந்தனர். 1768-இல் நிசாம் கம்பெனியுடன் சமாதானமானார். தனித்து நின்ற ஐதர் 1769-இல் சென்னையை நெருங்கி, பிடித்த இடங்களை இருதரப்பும் திருப்பித்தரும் உடன்படிக்கைக்குக் கம்பெனியை இணங்கவைத்தார்.