‘டியூப் போடணும்’னு டாக்டர் சொன்னா என்ன அர்த்தம்? முதல் முயற்சி ஏன் முக்கியம்?

தொப்பூர் கணவாய் விபத்தில் தலையில் அடி, கட்டுவிரியன் கடி, பூச்சிமருந்து விஷம். தருமபுரி மாவட்டத்துக்குப் புதிதல்லாத இந்த மூன்றிலும் ஒரு பொதுவான ஆபத்து உண்டு. நோயாளியால் தானாக மூச்சுவிட முடியாமல் போகலாம். அப்போதுதான் அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர், “டியூப் போடணும், கையெழுத்து போடுங்க” என்பார். இந்தச் சிகிச்சையின் பெயர் இன்டியூபேஷன்.

என்ன செய்கிறார்கள்?

வாய் வழியாக ஒரு பிளாஸ்டிக் குழாயை மூச்சுக்குழாய்க்குள் செலுத்தி, வென்டிலேட்டருடன் இணைப்பார்கள். பெரும்பாலும் அதற்கு முன் மயக்க மருந்தும், தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுப்பார்கள். அதோடு நோயாளியின் சொந்த மூச்சு நின்றுவிடும். குழாய் உள்ளே போகும்வரை உடலில் இருக்கும் ஆக்சிஜன்தான் கையிருப்பு.

முதல் முயற்சி ஏன் முக்கியம்?

அமெரிக்காவில் 1,828 இன்டியூபேஷன்களை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வில், முதல் முயற்சியிலேயே முடிந்தபோது பாதிப்புகள் 14.2% மட்டுமே. இரண்டாவது முயற்சி தேவைப்பட்டபோது அது 47.2% ஆனது. ஆக்சிஜன் சட்டென்று குறைவது, வாந்தி நுரையீரலுக்குள் போவது போன்றவைதான் இந்தப் பாதிப்புகள்.

வெற்றி எதைப் பொறுத்தது?

• ஆக்சிஜன்: குழாய் போடும் முன் சுமார் 3 நிமிடங்கள் முழு ஆக்சிஜன் கொடுத்து, கையிருப்பை நிரப்ப வேண்டும்.

• கழுத்து: தலையைச் சரியாக உயர்த்தி வைத்தால் தொண்டை நன்றாகத் தெரியும். விபத்தில் கழுத்து எலும்பு முறிந்திருக்கலாம் என்றால் அசைக்கவே கூடாது. அதனால் வேலை கடினமாகும்.

• வாய்: ரத்தம், வாந்தி பார்வையை மறைக்கும். பூச்சிமருந்து விஷத்தில் எச்சிலும் சளியும் பெருகும். உறிஞ்சி எடுக்கும் கருவி கையிலேயே இருக்கணும்.

• ரத்த அழுத்தம்: மிகவும் குறைந்திருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் இதயமே நின்றுபோகலாம்.

• கருவி: கேமரா பொருத்திய வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் முதல் முயற்சி வெற்றி 85.1%, சாதாரணக் கருவியில் 70.8% என்கிறது 2023-ல் வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வு.

• டீம்: டாக்டரின் அனுபவம், முதல் முயற்சி தவறினால் அடுத்து என்ன என்ற திட்டம், இரண்டும் வேணும்.

குழாய் தவறி உணவுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு வருகிறதா என்று பார்த்து உறுதி செய்வார்கள்.

நீங்க என்ன செய்யணும்?

உடனே 108-ஐ அழையுங்க. மயங்கியவருக்குத் தண்ணீர், சோடா கொடுக்காதீங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க. பாம்பு கடித்தவருக்கு இமை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்க. பல்செட், அலர்ஜி, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாத்தையும் சொல்லுங்க.

“டியூப் போட்டா அவ்வளவுதான்” என்ற பயத்தில் கையெழுத்தைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து. கட்டுவிரியன் கடியில் விஷத்தின் பிடி தளர்ந்ததும் குழாயை எடுத்துவிட்டு, நலமாக வீடு திரும்புபவர்கள் உண்டு. அதுவரை அவர்களுக்காக மூச்சுவிடுவது அந்தக் குழாய்தான்.